பரிமளா அனுப்பிய பிழைகள்

ஆரணி
9 ஜூன் 2025, திங்கள்

அன்புத் தம்பி விக்னேஷுக்கு அக்கா பரிமளா எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லாரும் நலம். கடையில் கம்ப்யூட்டர் மட்டும் படுத்துவிட்டது. அங்கே நீயும் ஹேமலதாவும் எப்படி இருக்கிறீர்கள்?

மாசியிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் இந்த ஈமெயிலுக்கும் பதில் வராது என்று எனக்குத் தெரியும். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளையின் காதைத் திருகலாம் என்றால் பெங்களூர் வரை கை நீளவில்லை. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் நீ லினக்ஸ் போட்டு வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான் நம் கடையில் இன்னும் ஓடுகிறது. புடவை டிசைன் படத்தை நீ எழுதிய புரோகிராம் படிக்கிறது. அது சொல்கிறபடி பஞ்சிங் மெஷின் தறிக்கு வேண்டிய அட்டையில் ஓட்டை போடுகிறது. கரை, புட்டா எல்லாம் இன்றைக்கும் பழுதில்லை. இப்போது பெரணமல்லூர் சுமதிராஜ் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒன்பது புடவை கேட்கிறார். முந்தி முழுக்க ஒரே படமாக மயில் கூட்டம். அவ்வளவு அகலமான படத்தைக் கொடுத்தால் புரோகிராம் பாதியில் நின்றுவிடுகிறது. மயில்களுக்குக் கழுத்து வரைக்கும் வருகிறது, தலை இல்லை. அந்தப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கறிக்கடை மாதிரி கீது! இத்த எடைக்குப் போட்டுட்டு ஜல்தியா புதுசு வாங்கு" என்கிறார். மெஷினின் வயர் இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டில்தான் பொருந்தும் என்று அவருக்கு எத்தனை தடவை சொல்வது? சுமதிராஜ் அண்ணன் வீடு ஜைனர் வீடு, எறும்பைக்கூட மிதிக்காதவர்கள். தலை போன மயிலைக் கல்யாணப் புடவையில் வைத்துக் கொடுத்தால் என்னைச் சும்மா விடுவார்களா? தீபாவளிக்குள் புடவை கைக்கு வர வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹேமலதாவுக்கு என் அன்பு.

பாசமுள்ள அக்கா,
பரிமளா


பெங்களூர்
10 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு விக்னேஷின் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். மாமாவை விசாரித்ததாகச் சொல். ஆபீஸில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போன் எடுக்க முடியாதது அதனால்தான், வேறொன்றுமில்லை.

மயிலின் தலையை வெட்டியது என் புரோகிராம் இல்லை. அதற்குப் படம் படிக்கத் தெரியாது. யாரோ எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லும். அந்த லைப்ரரியில் அகலமான படத்துக்கு ஒரு குறை இருந்தது. எழுதினவர்கள் பிறகு அதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் உன் பழைய லினக்ஸுக்கு ஏற்றபடி தயாராக இப்போது யாரும் தருவதில்லை. அவர்கள் எழுதின மூலத்தை, அதாவது சோர்ஸ் கோடை, வாங்கி உன் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்ய வேண்டும். கடையில் புடவை கிடைக்காவிட்டால் நூலை வாங்கி நாமே நெய்வதில்லையா, அவ்வளவுதான்.

மூலத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்டிரைவில் ஏற்று. டெர்மினலில் மூன்று கட்டளை: முதலில் கான்ஃபிகர், அது உன் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். அடுத்து மேக், அதுதான் கம்பைல் செய்யும். கடைசியில் இன்ஸ்டால். ஏதாவது பிழை காட்டினால் அப்படியே எழுது. எதையும் நீயாக அழித்துவிடாதே.

அன்புத் தம்பி,
விக்னேஷ்


ஆரணி
18 ஜூன் 2025

என் அருமைத் தம்பிக்கு, அக்காவின் ஆசிகள். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, வாய்தான் வலிக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி.

நீ சொன்னபடி கான்ஃபிகர் கொடுத்தேன். முதல் அடியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதிதாக உண்டாக்கிய ஃபைல் பழைய ஃபைலைவிடப் பழையதாக இருக்கிறதாம், உன் கடிகாரத்தைப் பார் என்று எனக்கே இங்கிலீஷில் அதட்டல். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பதிலை அவ்வளவு சீக்கிரம் போட்டாயே, சந்தோஷம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. வேலை தலைக்கு மேல் இருக்கிறவனுக்கு அக்காவுக்கு எழுத நேரம் கொடுக்கிற ஆபீஸ் நல்ல ஆபீஸ்தான்.

அன்புடன்,
பரிமளா


பெங்களூர்
19 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு.

சுவர்க் கடிகாரம் இல்லை அக்கா, கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு ஒரு வட்டமான சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோயிருக்கும். ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் உன் கம்ப்யூட்டர் பழைய காலத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் அனுப்பிய மூலமோ இந்த வருடத்துடையது. பிறக்காத பிள்ளை எதிரில் வந்து நின்றால் அது பயப்படாதா?

வாட்ச் கடையில் அந்த பேட்டரி கிடைக்கும். போட்டுவிட்டுத் தேதியைச் சரிசெய். அதற்கான கட்டளையைக் கீழே எழுதியிருக்கிறேன். இன்னொன்று, புதிய லைப்ரரியைத் தனி டைரக்டரியில் வைக்க வேண்டும். பழையது இருக்கிற இடத்தில் கை வைக்காதே. அந்த லினக்ஸில் வேறு பல புரோகிராம்களும் பழையதை நம்பித்தான் நிற்கின்றன. அதை எடுத்தால் மொத்தமும் படுத்துவிடும்.

அன்புடன்,
விக்னேஷ்


ஆரணி
7 ஜூலை 2025

தம்பி விக்னேஷுக்கு அக்கா. உங்கள் இருவர் சுகத்துக்கும் ரேணுகாம்பாளை வேண்டிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை படவேட்டுக் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வர பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் நின்றோம், மாமா வழியெல்லாம் முணுமுணுப்பு.

பேட்டரி போட்டாயிற்று. வாட்ச் கடை தனகோடி கேட்டார், "யாருக்கும்மா, வாட்ச்சுக்கா?" "கம்ப்யூட்டருக்கு. வருஷம் மறந்துபோச்சு அதுக்கு." அவர் சிரித்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார்.

கான்ஃபிகர் ஒழுங்காக முடிந்தது. மேக் கொடுத்தேன். வரிசை வரிசையாக எழுத்து ஓடியது, ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது. முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா எதிரில் நின்று, "இன்னாடி அத்தையே பாத்துகினு கீற, டிவி சீரியலா?" என்றார். திடீரென்று நின்றுவிட்டது. கம்பைலருக்குப் புரியாத வார்த்தை ஏதோ இருக்கிறதாம். வரியைக் கீழே அப்படியே பார்த்து அடித்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. நீ படிக்கும்போது இதைத்தான் விழுந்து விழுந்து செய்துகொண்டிருந்தாயா? அப்போது தெரிந்திருந்தால் சாப்பிடக் கூப்பிட்டு உன்னைத் திட்டியிருக்க மாட்டேன்.

பாசத்துடன்,
பரிமளா


பெங்களூர்
10 ஜூலை 2025

என் பரிமளா அக்காவுக்கு, உன் கடிதத்தை ஹேமாவுக்குப் படித்துக் காட்டினேன். தனகோடி விஷயத்துக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

உன் கம்பைலர் பதினேழு வருடத்துக்கு முந்தையது. லைப்ரரியை எழுதுகிறவர்கள் இப்போது புதிய முறையில் எழுதுகிறார்கள், அது உன் கம்பைலருக்குத் தெரியாது. கம்பைலரை மாற்றப் போனால் அதற்கு முடிவே இருக்காது. அதனால் மூன்று நாள் உட்கார்ந்து அந்த லைப்ரரியின் பழைய வெளியீடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இங்கே என் கம்ப்யூட்டருக்குள்ளேயே உன்னுடையதைப் போல ஒன்றை அமைத்து, அதே லினக்ஸைப் போட்டு, எல்லாவற்றையும் கம்பைல் செய்து பார்த்தேன். பதினொன்றாவது பொருந்தியது. அகலப் படத்தின் குறை தீர்ந்த பிறகு வந்தது, ஆனால் எழுத்து முறையை மாற்றுவதற்கு முன்னால் வந்தது. அதை அனுப்பியிருக்கிறேன்.

மயிலுக்குத் தலை வந்தபோது நான் கை தட்டிவிட்டேன் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாமாவுக்கு வணக்கம்.

விக்னேஷ்


ஆரணி
28 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதினால்தான் தெரியும்.

நீ அனுப்பினது கம்பைல் ஆனது. ஆனால் உன் புரோகிராம் புதிய லைப்ரரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழையதையேதான் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு. இரண்டு பேரும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்களேன். வந்தால் கம்ப்யூட்டரையும் நேரில் பார்த்துவிடலாம். "மச்சான் வரட்டும், கோழிய அடிச்சிரலாம்" என்று மாமா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒன்பது மாதமாகிறது.

அக்கா


பெங்களூர்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

புரோகிராமைத் தொடங்குவதற்கு முன்னால் புதிய லைப்ரரி எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கான வரி கீழே. ஆனால் ஆச்சரியமாக இருக்கிறது. நான் ஜூலையில் அனுப்பியதிலேயே அந்த வரியைச் சேர்த்திருந்தேன். இங்கே நான் அமைத்த கம்ப்யூட்டரில் இந்தப் பிழை வரவே இல்லை.

விக்னேஷ்


ஆரணி
25 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு அக்கா பரிமளா. நலமாக இருக்கிறாயா?

ஆடிக்கு வராதது பற்றி ஒரு வார்த்தை இல்லை உன் கடிதத்தில். போகட்டும், நானும் எழுதவில்லை. இப்போது அட்டை அடிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. என் கடை, என் மெஷின், யாரிடம் அனுமதி வாங்குவது? சுமதிராஜ் அண்ணன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நீ உடனே பதில் போட்டால் நன்றாக இருக்கும்.

மழை நன்றாகப் பெய்கிறது. அங்கே எப்படி?

பரிமளா


ஆரணி
1 அக்டோபர் 2025

விக்னேஷ்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? இன்று காலையில் மறுபடி மேக் கொடுத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. என்ன ஃபைல் என்று உனக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுதினாலும் போதும். ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

அக்கா


பெங்களூர்
3 அக்டோபர் 2025

என் அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதே.

உன் கடிதத்தின் தேதியைப் பார்த்தாயா? முந்தாநாள், புதன்கிழமை. ஆயுத பூஜை. நம் கடையில் அன்றைக்கு மெயினையே இறக்கி, கம்ப்யூட்டருக்கும் பஞ்சிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டுகிற வரை ஒரு சுவிட்சைத் தொடக்கூடாது. ஒரு வருடம் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க அந்தக் கம்ப்யூட்டரை நான் ஆன் செய்துவிட்டேன். நீ என் முதுகில் ஒன்று வைத்தாய், பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அப்படிப்பட்ட பரிமளா ஆயுத பூஜை காலையில் மேக் கொடுத்தாளாம். நான் நம்ப வேண்டுமாம்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். ஜூலைக் கடைசியிலிருந்து நீ எழுதிய பிழை எதுவும் உன் கம்ப்யூட்டரில் வந்திருக்க முடியாது. மயிலுக்கு ஜூலையிலேயே தலை வந்துவிட்டது, இல்லையா? புடவைகூடத் தறியை விட்டு இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு என்னை எழுத வைக்கத்தான் எழுதியிருக்கிறாய்.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நான் சொன்னதும் பொய்தான். எனக்கு ஆபீஸே இல்லை அக்கா. பிப்ரவரியில் கம்பெனியில் பெரிய கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். ஆரணியில் நீ என்னைப் பற்றிப் பேசாத கடை கிடையாது. அங்கே வந்து என்ன முகத்தோடு நிற்பது? எழுத்தில் எதையும் மறைத்துவிடலாம். உன் குரலைக் கேட்டால் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன், அதனால்தான் போனை எடுக்கவில்லை. ஆகஸ்டில் ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பழையது என்றார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு எழுந்து உட்காரவே மனம் வரவில்லை, உனக்கு எங்கே எழுதுவது?

இந்த எட்டு மாதத்தில் என்னிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. நீ ஒருத்திதான் கேட்டாய். உன் கடிதம் வந்த நாட்களில் காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்தேன்.

உன் தம்பி,
விக்னேஷ்


ஆரணி
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள ஹேமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே அனைவரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் கடிதத்துக்கு அக்கா ஒரே வரியில் பதில் போட்டதை உனக்குக் காட்டினேன் அல்லவா, "பஸ் ஏறுடா, மற்றதை இங்கே வந்து பேசு" என்று? வந்தால் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இட்லி வைத்தாள். மாமா என் தோளில் கை போட்டு, "வேல போனா இன்னா மச்சான், கையும் காலும் நல்லாத்தான கீது? அவதான் உன்ன நெனச்சு பேஜாராகிப் போயிட்டா" என்றார். நீ ஏப்ரலிலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்று அப்போதுதான் தெரிந்தது. உன் மேல் கோபமில்லை. சொன்னது நல்லதாயிற்று.

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. புடவைகள் ஆவணியிலேயே பெரணமல்லூர் போய்விட்டனவாம். என் கடிதத்தில் வந்த ஒவ்வொரு கட்டளையையும் அக்கா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எது எதற்கு என்று தமிழில் பக்கத்திலேயே குறிப்பு வேறு. அவள் அந்தப் பக்கம் போனபோது மிச்சப் பக்கங்களைப் புரட்டினேன்.

அதில் முழுக்கப் பிழைகள் ஹேமா. இன்டர்நெட்டில் உலகத்தில் யார் யாருக்கோ வந்த பிழைகளைத் தேடி எடுத்து, வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறாள். முதல் மூன்றுக்கு எதிரில் டிக், எனக்கு ஏற்கெனவே அனுப்பியவை. 'அனுமதி இல்லை, ஆகஸ்ட், பதில் வரவில்லை' என்று இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்காவதற்கு ஐப்பசி, அடுத்ததற்குக் கார்த்திகை, அதற்கடுத்ததற்குப் பொங்கல் கழித்து. மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று போகிறது. மொத்தம் முப்பத்தாறு. கடைசியில் இருப்பதற்கு எதிரில் அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் ஆடி என்று போட்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறாள். "இவ்ளோ எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "நீ எப்போ பேசுவன்னு எனக்கு எப்டிடா தெரியும்? பேசற வரிக்கும் கேட்டுகினே இருக்கணும்ல?"

கடையில் அட்டை வாங்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். இருந்தும் நான் அழுதுவிட்டேன், ஹேமா. அவளும் அழுதாள். இன்னும் ஒரு வாரம் இங்கே இருந்துவிட்டு வருகிறேன். முடிந்தால் நீயும் சனிக்கிழமை கிளம்பி வா.

உன்,
விக்னேஷ்